குறுக்குக் கீறல்

கல்லில் வரைந்து அச்செடுப்பவர்கள், பேசிய எண்ணிக்கையில் படிகள் எடுத்து முடிந்ததும் கல்லைக் குறுக்கே கீறிவிடுவார்கள். அதன்பின் யாரும் திருட்டுப்படி போட முடியாது.

“கீறாதீங்க மேடம். இன்னும் கொஞ்சம் போட்டு வச்சுக்கலாம், யாருக்குத் தெரியப்போவுது?” என்றார் கேலரிக்காரர் குலசேகர்.

படத்தை வரைந்த பிலோமினாவுக்குச் சுர்ரென்று ஏறியது. “வாங்கினவங்கல்லாம் இளிச்சவாயங்களா?” என்றவள் இரும்பு ஊசியை எடுத்து, தான் வீசி வீசித் தீற்றியிருந்த கறுப்பின் மேல் மூலைக்கு மூலை, கல் கிறீச்சிட இழுத்தாள்.

அழித்ததற்குச் சாட்சியாக ஒரு படி எடுப்பதும் வழக்கம்தான். உருளையால் கல்லில் கறுப்பு மை தேய்த்து, ஆரஞ்சும் நீலமும் ஏற்கெனவே ஏறியிருந்த தாளை அதன் மேல் வைத்து அழுத்தி உரித்தாள். கீறிய இடத்தில் கறுப்பைக் கிழித்துக்கொண்டு அடிநிறங்கள் பீறிட்டு நின்றன.

குலசேகர் தாளின் மேல் குனிந்தார். “அடேங்கப்பா! இத்தனை வருஷமா உங்ககிட்ட நான் தேடினது இதைத்தான் மேடம். இதையே போட்டுடலாம்.”

“இது படமில்ல. உங்க மேல இருக்கிற ஆத்திரம்.”

“அதான் அவ்வளவு நல்லா வந்திருக்கு!”

கல்லையே சிதைத்துவிடும் வெறியில் அவள் மறுபடி ஊசியை ஓங்கினாள். அவர் தடுக்கவில்லை. அடுத்த படிக்காக மை உருளையைக் கையில் எடுத்துக்கொண்டு, பவ்யமாக ஒதுங்கி நின்றார்.