மாவில் பதியாத காலடி

“அழாத அம்மாக்கண்ணு. நம்ம நாகு எங்கயும் போயிடல. பழைய பங்களாவுலதான் நடமாடுறா. என் கண்ணால பாத்தேன்.”

“எனக்கும் காட்டுங்க.”

“பெத்தவ கண்ணுக்கு ஆவி தெரியாதாம். இனிமே ஆத்தங்கரையில போயி உக்காராத, கேட்டியா?”

ஒன்பது வருடங்களுக்கு முன் புருஷன் சோலைமலையும் மனைவி அம்மாக்கண்ணுவும் பேசிக்கொண்டது. மகள் நாகலெட்சுமியை மழை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சோலைமலை ஓடி வந்து சொன்ன பதினேழாம் நாள். உடல் கிடைக்கவில்லை. காரியம் மட்டும் நடந்து முடிந்திருந்தது.

சோலைமலை அந்தப் பங்களாவின் காவல்காரன். வெள்ளைக்காரத் துரைமார் வாழ்ந்து கைவிட்ட எண்பது வருடக் கட்டடம் அது. அவன் சொன்ன பேச்சு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைத் தாண்டி, ஹட்டன் கடைவீதியைத் தாண்டி, கொழும்பு வரைக்கும் போயிருந்தது. இன்று மத்தியானம் சிறிலும் அவர் மனைவி டோரீனும் காரில் வந்து இறங்கிவிட்டார்கள், பேய் இருக்கிறதா என்று பார்க்க.

சிறில் சல்லடையை ஆட்டி ஆட்டி ஹால் முழுக்கக் கோதுமை மாவைத் தூவினார்.

“ஐயா ரொட்டி சுடப் போறீங்களா?” என்றான் சோலைமலை.

“காலடி விழுதான்னு பாக்கப்போறேன். மனுசன் பொய் சொல்லுவான், மாவு சொல்லாது.”

சோலைமலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தேத்தண்ணி நிறைந்த தூக்குவாளியோடு அம்மாக்கண்ணு வாசலிலேயே நின்றாள். டோரீன் அவளிடம் வந்தாள்.

“அம்மா, நீங்க ஒரு தடவ பேரச் சொல்லிக் கூப்பிடுங்களேன். தாய் கூப்பிட்டா வராமலா போயிடுவா?”

“வேணாங்க.”

“வெள்ளிக்கிழமை தலைமன்னார் போயிக் கப்பல் ஏறுறீங்களாமே. அரசாங்கம் இந்தியாவுக்கு அனுப்பிட்டா திரும்பி வர விடுவாங்களா? போறதுக்கு முன்னால மகளப் பாக்க ஆசை இல்லையா?”

“அந்த ஒரு ஆசைதாங்க இருக்கு.”

“அப்போ கூப்பிடுங்க.”

“இங்க வேணாங்க.”

“அவ அப்பிடித்தாங்க,” என்றான் சோலைமலை. “ஒம்பது வருசத்துல ஒரு நாளும் மகளுக்கு விளக்கு வச்சதில்ல. சோறாக்கிக் குடுப்பா, அவ்வளவுதான். நான்தான் அமாவாசைக்கு அமாவாசை அதத் தூக்குவாளியில எடுத்துக்கிட்டு லிந்துலைப் பக்கம் கோயிலுக்கு ஓடுறேன். அவ பேருல படைச்சுட்டு வாறேன்.”

“அம்மாவயும் கூட்டிட்டுப் போறதுதானே?”

“அவளுக்கு பஸ்ஸுல ஏறினா வாந்திங்க.”

கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் படிக்கட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள். பனி தேயிலைச் செடிகளை ஒவ்வொரு வரிசையாக மறைத்துக்கொண்டே மேலே ஏறி வந்தது. ஒரு மணி நேரம் கழித்துச் சிறில் கதவைத் திறந்தார்.

தூவிய மாவு தூவியபடியே கிடந்தது. சுவரோரம் ஓர் எலி ஓடிய தடம். அவ்வளவுதான்.

“இங்க யாரும் இல்ல,” என்றார் சிறில். “ஒரு காலத்திலயும் இருந்த மாதிரித் தெரியல.”

டோரீன் அம்மாக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க மக நிம்மதியாப் போய்ச் சேந்துட்டா அம்மா. இனி அவளத் தேடாதீங்க.”

தூக்குவாளியைக் குழாயில் கழுவி, தன் பையிலிருந்து இரண்டு பிஸ்கட்டை எடுத்து அதற்குள் போட்டு நீட்டினாள். “வெறுமையாத் திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு எங்க மம்மி சொல்லுவாங்க.”

அம்மாக்கண்ணு தூக்குவாளிக்குள் பார்த்தாள். அதுவரை அழாதவள், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பாவம், பெத்த வயிறு என்று சொல்லிக்கொண்டே டோரீன் காரில் ஏறினாள்.

கார் வளைவில் மறைந்ததும் சோலைமலை கதவைப் பூட்டத் தொடங்கினான்.

“சரி, வா புள்ள. மூட்டை கட்டணும். நாளைக்கு அமாவாசை. கடைசியா ஒரு தடவ லிந்துலைக்குப் போயிட்டு வந்திர்றேன். அவளுக்குப் புடிச்ச பால்சோறு ஆக்கிக் குடு.”

அம்மாக்கண்ணு நகரவில்லை.

“ஏங்க, கோயில்ல தூக்குவாளியக் கழுவித் தருவாங்களா?”

“தருவாங்க, தருவாங்க.”

“சீனியும் போட்டுத் தருவாங்களா?”

பூட்டில் சாவி அப்படியே நின்றது.

“ஒவ்வொரு அமாவாசைக்கும் அடியில ஒரு சிட்டிகை சீனி கெடக்கும். நீங்க ஒரு நாளும் தொறந்து பாக்கல. வெறும் பாத்திரத்தத் திருப்பிக் குடுக்காதடின்னு நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்.”

சோலைமலை படியில் உட்கார்ந்தான். “அம்மாக்கண்ணு...”

“கேட்டா நீங்க போறதையே நிப்பாட்டிருவீங்கன்னு வாய மூடிக்கிட்டுக் கெடந்தேன். அந்தச் சீனியாவது வரட்டும்னு. கடல் தாண்டிட்டா அதுவும் வராதுங்க. அவ யாரோட போயிருந்தாலும் எனக்குக் கோவமில்ல. போன தடவ, ஈரத்துல ஒட்டியிருந்த சீனியில ஒரு பிஞ்சு விரலு வழிச்ச தடம் இருந்துச்சு.”

அவள் அவன் காலடியில் உட்கார்ந்தாள்.

“வாந்தி வந்தா வரட்டும். நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க. எம் மகளையும் பேரப்புள்ளையையும் ஒரே ஒரு தடவ பாத்துட்டுக் கப்பல் ஏறுறேன்.”