மைக் திறக்காத வாக்கியம்

மாமியாரின் இரங்கல் கூட்டத்தில் பேசுவதற்காகத் தேன்மொழி ஒரு வாரமாக நூலகமே கதியென்று கிடந்தாள். ஆதாரம் காட்டாத வாக்கியத்துக்கு எந்த அரங்கிலும் மைக் திறக்காது என்று ஆனபிறகு, ஊரே அங்கே வந்துதான் உரை தயாரித்தது. தலைமையாசிரியையாக இருந்த மாமியார் கோமளவல்லி வாங்கிய விருதுகள், பள்ளிக்குப் போராடிக் கட்டவைத்த கழிப்பறை, கொடுத்த ரத்தம் எல்லாமே தரவுத்தளத்தில் கிடைத்தன. தேன்மொழி சொல்ல நினைத்தது மட்டும் கிடைக்கவில்லை.

“அது நடந்தப்போ கூட யாரு இருந்தா?” என்று நூலகர் கேட்டார்.

“அத்தையும் நானும்தான் சார்.”

“உயிரோட ஒரு சாட்சியாவது வேணும்மா. இல்லேன்னா விட்ருங்க.”

கூட்டத்தில் அவள் விருதுகளைப் பற்றிப் பேசியபோது மைக் கணீரென்று ஒலித்தது. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். தேன்மொழிக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த தாளை மடித்தாள்.

“என் கல்யாணத்துக்கு முதல் நாள் அத்தை என்னைத் தனியா கூப்பிட்டாங்க.”

மைக் அணைந்துவிட்டது. அவள் குரலை உயர்த்தினாள்.

“‘என் மகனைப் பிடிக்கலேன்னா இப்பவே சொல்லிடு. வந்தவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்’னாங்க.”

அவள் கணவன் தரையைப் பார்த்தான். அப்போது மூத்த மருமகள் வசந்தமல்லி மெதுவாக எழுந்தாள்.

“என்கிட்டயும் இதையேதான் சொன்னாங்க.”

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மைக் தானாகத் திறந்துகொண்டது.