ஏழாவது லைனுக்கு விடுதலை

பாத்ரூம் போக ஒரு மரக்கட்டை வேண்டும். ஏழாவது லைனின் சட்டம் அது.

உள்ளங்கை அகலக் கட்டை, அதில் ஒரு கயிறு. கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். முப்பத்திரண்டு பெண்கள், முப்பத்திரண்டு தையல் மெஷின், ஒரே ஒரு கட்டை. அதை வைத்திருந்தவள் சூப்பர்வைசர். அவளுக்குப் 'பூட்டு' என்று பேர்.

பூட்டு சிரித்து யாரும் பார்த்ததில்லை. கட்டையைக் கேட்டால் முகத்தைக்கூடப் பார்க்காமல் நீட்டுவாள். சாயந்திரம் மெஷின் நின்றதும் நேரே மாடியேறி மேனேஜர் ரூமுக்குப் போவாள். போனால் அரை மணி நேரம்.

"போட்டுக் குடுக்கப் போறா. எவ எத்தனை தடவை போனான்னு ஒப்பிக்கணும்ல? இதெல்லாம் ஒரு பொழப்பு," என்பாள் மைக்.

மைக், பாக்கெட் தைக்கிறவள். இத்தனை மெஷின் இரைச்சலிலும் அவள் பேசுவது கடைசி வரிசைவரை கேட்கும். பேருக்குக் காரணம் அதுதான்.

ஒருநாள் காலர் தைக்கிற பெண் கட்டையை மாட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு ஏழாம் மாசம். கட்டை வயிற்றின் மேல் ஆடிக்கொண்டே போனதைப் பார்த்து, துணி இறக்க வந்த டிரைவர் சிரித்துவிட்டான்.

மைக் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"மாட்டுக்குத்தான் கழுத்துல கட்டை கட்டுவாங்க. நாம என்ன மாடா?"

கட்டை இருப்பது உங்களுக்கு நல்லதுதான் என்று மட்டும் பூட்டு சொன்னாள்.

"எங்க நல்லதை நாங்க பாத்துக்கறோம்க்கா. நீங்க கழுத்தை விடுங்க, போதும்."

அன்றைக்கே மனு எழுதியாயிற்று. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். காலர்காரி மட்டும் பேனாவைப் பிடித்தபடி யோசித்தாள்.

"எனக்குக் கட்டை இருந்தாலும் பரவால்லக்கா. போக விட்டாப் போதும்."

இதற்குப் பேர்தான் அடிமைப் புத்தி என்று மைக் அவளுக்கு விளக்கினாள். கொஞ்ச நேரம் விளக்கினாள். தப்பிக்க வழியில்லாமல் அவளும் கையெழுத்துப் போட்டாள்.

மேனேஜர் தகராறு செய்வார் என்று எதிர்பார்த்தால், மனுஷன் மறுநாளே கீழே இறங்கி வந்துவிட்டார். யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் போகலாம், அது உங்கள் பிறப்புரிமை என்றெல்லாம் பேசினார். கட்டையைத் தன் கையாலேயே குப்பைத் தொட்டியில் போட்டார். கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. பூட்டைப் பேக்கிங் பக்கம் தூக்கிப் போட்டார்கள்.

முதல் நாள் சுதந்திரம் அமோகமாக நடந்தது. அவசரம் இல்லாதவர்களும் போனார்கள். சிலர் கண்ணாடி பார்க்கவே போனார்கள். சாயந்திரம் எண்ணினால், டார்கெட்டில் அறுபது சட்டை குறைவு. முடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பஸ் போய்விட்டது.

இரண்டாம் நாள் பாதிப்பேர்தான் போனார்கள். அப்படியும் பஸ் போனது. ஒரு மெஷின் நின்றால் லைனே நிற்கும், அதனால் மூன்றாம் நாளிலிருந்து ஒருத்தி எழுந்தால் முப்பத்தொரு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "இப்பத்தானே போனே?" என்று ஒரு குரல் வரும். பூட்டுகூட ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

அடுத்த வாரம் யாரும் தண்ணீரே குடிக்கவில்லை. பிறப்புரிமை பத்திரமாக இருந்தது. யாரும் அதைத் தொடவே இல்லை.

காலர்காரி இரண்டு தடவை எழுந்தாள், இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டாள். முதலில் திரும்பிப் பார்த்தவள் மைக்.

பத்தாம் நாள் அவளுக்குக் குளிர் ஜுரம். அடக்கி அடக்கி நீர்த்தாரையில் புண், இன்னொரு தடவை இப்படி வந்தால் குழந்தைக்கே ஆபத்து என்று டாக்டர் திட்டி அனுப்பினாராம். இரண்டு நாள் கழித்து வந்து அதே மெஷினில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

மைக்குக்குப் பொறுக்கவில்லை. மாடியேறினாள். பாத்ரூம் போகிற நேரத்துக்கு டார்கெட்டைக் குறைக்க வேண்டும் என்று கேட்டாள். கம்பெனி வழக்கத்தில் அது இல்லை என்றார் மேனேஜர்.

"கட்டை இருந்தப்பவும் நாங்க போய்ட்டுத்தானே சார் இருந்தோம்? அப்ப மட்டும் டார்கெட் எப்படி முடிஞ்சுது?"

"எங்க முடிஞ்சுது? ஒருநாளும் முடிஞ்சதில்லை. அந்தப் பொம்பளை தெனம் சாயந்திரம் வந்து இங்க நிப்பா. இன்னைக்குக் கட்டை நாப்பது தடவை போச்சு, டார்கெட்டுல நாப்பது சட்டையைக் கழிங்கம்பா. கழிக்காம நகர மாட்டா. திட்டினாலும் நிப்பா."

"அந்தக்கா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே சார்?" என்றாள் மைக்.

"வெளிய மூச்சு விட்டா வேலை போயிடும்னு சொல்லி வெச்சிருந்தேன். இல்லேன்னா மத்த லைனும் கிளம்பி வந்துடுமே," என்ற மேனேஜர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "இப்பக் கட்டையும் இல்லை, கணக்கும் இல்லை, அவ தொல்லையும் இல்லை. உண்மையைச் சொன்னா, விடுதலை கிடைச்சது எனக்குத்தாம்மா. உங்களுக்கு நான்தான் நன்றி சொல்லணும்."