செல்ஃபினாவின் மஞ்சள் தொப்பி

அம்போன் தீவில் மத்தியான மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. டொமிங்குஸ், மகள் செல்ஃபினாவின் மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொண்டு கூண்டுக்குள் மெல்லக் குந்துகிறார். தொட்டித் தண்ணீரில் கழுத்தளவு கிடக்கிறது அவள் வளர்த்த சோவா; வாலில் கப்பல் பாய்போல் மடல் விரித்த இரண்டு முழ ஓணான். வேற்றாளைக் கண்டால் மிரண்டு கம்பியில் மோதி மூக்கைக் கிழித்துக்கொள்ளும். அது நம்புவது தொப்பியை மட்டும்தான். வேலியோரம் பக்கத்துவீட்டு யோசினா குரலை அடக்கிச் சிரிக்கிறாள். "தொப்பியில சின்னப் பொண்ணாட்டம் இருக்கீங்க மாமா! கிறிஸ்துமஸுக்காவது செல்ஃபினா வர்றாளா?" இல்லை என்று தலையாட்டினாலும் சோவா மிரளும். அவர் தலையை அசைக்காமல் பப்பாளித் துண்டை நீட்டுகிறார். அது நகர்ந்து வருகிறது. ஈரத் தாடை விரலில் உரசுகிறது. பழம் தீர்ந்தும் போகாமல் தொப்பியையே அண்ணாந்து பார்க்கிறது. "தினமும் சோறு போடுறது நாந்தான்டா" என்று முணுமுணுத்துவிட்டுத் தொப்பியை மெதுவாகக் கழற்றுகிறார். தண்ணீர் முகத்தில் தெறிக்கிறது. தொட்டித் தண்ணீரின் அடியில் சோவா ஒரு கறுப்பு நிழல். இனித் தலையாட்டலாம். வேலிப்பக்கம் திரும்பி, இல்லை என்று ஆட்டுகிறார். அங்கே யோசினா இல்லை.