கங்கையில் விட்டது

கணவர் நடேசனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் குமுதவல்லி காசியில் படகேறினாள். படித்துறைகளும் அரண்மனைகளும் ஒவ்வொன்றாய் எதிரே வர வர அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து படகின் முனைக்கே போய்விட்டாள்.

“வேடிக்கை போதும். பிடிச்சது ஒண்ணைக் கங்கையில விடணும், அப்புறம் அதைத் தொடக்கூடாது. நான் பாகற்காயை விட்டுட்டேன்” என்றார் நடேசன். பாகற்காயை அவர் என்றைக்குமே தொட்டதில்லை.

“பிடிச்சதைத்தானே விடணும்?”

“ஆமா, பின்னே?”

அவள் ஒரு கை தண்ணீர் அள்ளி, உதட்டுக்குள் ஏதோ சொல்லி, ஆற்றிலேயே விட்டாள்.

“எதை விட்டே? கத்திரிக்காயா? காப்பியா?” கரை வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். அவள் கோபுரங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் இறங்கிய நடேசன் வழக்கம்போல் கையை நீட்டினார். குமுதவல்லி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தக் கைக்குப் பக்கத்திலேயே படியில் குதித்தாள்.