திர்சாள் சொல்லாத அர்த்தம்

சபையில் யாராவது ஆவியில் நிறைந்து அந்நியபாஷை பேசினால் அதற்குத் தமிழில் அர்த்தம் சொல்வது திர்சாளின் ஊழியம். அந்தப் பாஷை அவளுக்கு ஒரு நாளும் விளங்கியதில்லை. கர்த்தர் உங்களை ஆசீர்வதிக்கிறார் என்பதையே பதினெட்டு வருடமாக மாற்றி மாற்றிச் சொல்லிவந்தாள். இந்தப் பெந்தெகொஸ்தே ஞாயிறன்று முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து ஏழே சொற்களைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். திர்சாளுக்கு ஏழும் விளங்கின.

"சொல்லுங்க சிஸ்டர், ஆண்டவர் என்ன பேசுறார்?" என்றார் பாஸ்டர். முந்நூறு பேர் காத்திருந்தார்கள். சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு திர்சாள் வெளியே போனாள்.

வாசலில் கிடந்த செருப்புகளுக்கு நடுவே நிற்கும்போது போன் அடித்தது. நகரின் மறுகோடியில், அந்நியபாஷை என்றாலே முகம் சுளிக்கும் பழைய சபையின் பெரிய கோயிலிலிருந்து தங்கை கெத்சியாள்.

"அக்கா, எங்க சபை ஐயரு பிரசங்கத்துக்கு நடுவுல என்னமோ பாஷை பேசுதாரு. நிறுத்தவே மாட்டேங்காரு. கேளு."

அதே ஏழு சொற்கள். தெருமுனை மாதா கோயில் ஒலிபெருக்கியிலும் இப்போது அவைதான் கேட்டன.

"என்னக்கா அர்த்தம்?"

"பிள்ளைங்க எங்கட்டி?"

"மாடில, சண்டே கிளாஸ்ல."

"கூட்டிட்டு வெளிய ஓடு. செருப்பத் தேடிட்டு நிக்காத."