வளையத்தை எந்தப் பக்கம் திருப்ப?

கேமரா கடைக்காரருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. பெரியவர், லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசிங் ஃபில்டர்களில் நான்காவதையும் கண்ணருகே பிடித்து, ஷோகேஸ் கண்ணாடியைச் சாய்வாகப் பார்த்தார்.

"வளையத்தை இப்படித் திருப்புங்க சார். கண்ணாடியில விழற ரிஃப்ளெக்‌ஷன் மாயமாப் போயிடும்."

"போகக் கூடாது தம்பி. இன்னும் அழுத்தமாத் தெரியணும்."

கடைக்காரர் விழித்தார். அந்தப் பிம்பத்தைத் தொலைக்க வந்தவர்களைத்தான் இருபது வருஷமாக அவர் பார்த்திருக்கிறார்.

"அப்போ எதிர்ப்பக்கம் திருப்புங்க. அப்படி என்னத்தை எடுக்கப் போறீங்க?"

"வீட்டுல மாட்டியிருக்கற ஒரு ஃபோட்டோவை. கண்ணாடி போட்ட ஃபிரேம்."

"சரியாப் போச்சு! உங்க முகமே குறுக்க வந்து விழுமே?"

"விழணும். கேமராவை ஒரு ஓரத்துல ஸ்டாண்டுல வெச்சுட்டு, எதிர் ஓரத்துல நான் உட்கார்ந்துக்குவேன்."

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. "எதுக்கு சார் இந்த வேலை?"

பெரியவர் ஃபில்டரை மெல்லத் துடைத்தார்.

"நாப்பது வருஷம் ஊர்க் கல்யாணமெல்லாம் ஜோடி ஜோடியா நிக்க வெச்சு எடுத்தவன் நான். எங்க கல்யாணத்துக்கும் கேமரா என் கையிலதான். போன மாசம் அவ போனப்புறம் தேடினேன். ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கற படம் ஒண்ணுகூட இல்ல. அந்த ஃபிரேமுல அவ பக்கத்துல கொஞ்சம் இடம் இருக்கு தம்பி."